செம்பாட்டு மண்ணும் கிணற்று நீரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதியிலே புதிதாகக் கிணறு வெட்டப்படும் இடமொன்றைப் பார்ப்பவருக்கு மண்ணைப்பற்றிய முதற்பாடம் அவ்விடத்திலேயே கிடைத்துவிடும். மேலே ஓரடியோ ஈரடியோ, சில இடங்களில் அதனினும் மிகுந்த ஆழத்துக்கோ, செங்காவி நிறமான மண் காணப்படும். அதன் கீழே வெண்மையும் மஞ்சளும் கலந்த சுண்ணக்கல் தொடங்கிவிடும். இவ்விரண்டும் சந்திக்கும் எல்லை நேர்கோடாக இராது. பாறையின் வெடிப்புக்களுக்குள்ளே மண் நாக்குப்போல் நீண்டு இறங்கியிருக்கும். பாறையும் ஆங்காங்கே முளைபோல் மேலெழுந்து மண்ணுக்குள் நிற்கும். மண்வெட்டி வேலை முடிந்து அலவாங்கு வேலை தொடங்குவது அங்கேதான். பாறை மிக மேலெழுந்து, மண் அரையடியும் இல்லாத இடங்களைக் கலட்டி என்று ஊரார் ஒதுக்கிவிடுவர்.

மேலே உள்ள செம்பாட்டு மண்ணில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் வாழையும் விளைகின்றன. கீழே உள்ள சுண்ணக்கல்லில் குடாநாட்டு மக்கள் அருந்தும் நீர் தங்கியிருக்கின்றது. இந்த மண் எவ்வாறு தோன்றியது? அது செய்யும் தொழில்கள் யாவை? அதனைக் கையாளும் முறைக்கும் அதன் கீழுள்ள நீருக்கும் உள்ள தொடர்பு யாது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கு மண்ணியல் என்னும் விஞ்ஞானத்தின் அடிப்படைகள் சிலவற்றை அறிதல் வேண்டும்.

மண் என்பது பாறையின் தூள் என்று பலர் எண்ணுவதுண்டு. கருங்கல்லை உடைத்து மாவாக்கி ஒரு தொட்டியில் நிரப்பி விதை ஊன்றினால் முளை வரலாம். பயிர் நின்று விளையாது. பாறைத்தூளோடு உக்கிய இலைதழைகளும், அவற்றை உக்கச் செய்யும் நுண்ணுயிர்களும், இடைவெளிகளில் தங்கும் நீரும், அந்நீரோடு இடம் மாறிக்கொள்ளும் காற்றும் ஒன்றுசேர்ந்து, நெடுங்காலம் ஒன்றையொன்று மாற்றியபின் உண்டாவதே மண். நல்ல தோட்ட மண்ணொன்றின் கனவளவில் ஏறத்தாழப் பாதியே திண்மப்பொருள். மறுபாதி வெற்றிடம், அதனை நீரும் காற்றும் பங்கிட்டுக்கொள்கின்றன. மிதித்து மிதித்து இறுகிய மண்ணிற் பயிர் வாடுவதற்குக் காரணம், இந்த வெற்றிடம் குறைந்து வேருக்கு மூச்சு முட்டுவதேயாம்.

பாறை மண்ணாக மாறும் முதற்படியை வானிலையால் அழிதல் என்பர். பகல் வெயிலில் விரிந்தும் இரவுக் குளிரிற் சுருங்கியும் பாறை வெடிக்கின்றது. வெடிப்பினுள் இறங்கும் வேர் அதனை மேலும் பிளக்கின்றது. இவற்றினும் வலிமை வாய்ந்தது நீர். மழைத்துளி வானிலிருந்து விழும்போது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைச் சிறிதளவு கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகின்றது. மண்ணினுள் இறங்கும்போது, அங்கே வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சுவிட்டு நிறைத்துள்ள காபனீரொட்சைட்டையும் சேர்த்துக்கொண்டு மேலும் புளிப்படைகின்றது. இந்த அமிலம் நாவுக்குப் புலப்படாத அளவினது. ஆயினும் ஆண்டுகள் ஆயிரக்கணக்கிற் செல்லும்போது பாறையைத் தின்றுவிடும் ஆற்றல் அதற்கு உண்டு.

இலங்கையின் நிலப்பரப்பில் பத்தில் ஒன்பது பங்கிற்கு மேற்பட்ட பகுதிக்கு அடித்தளமாக இருப்பவை 50 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வயதுடைய பளிங்குருப் பாறைகள். வடக்கிலும் வடமேற்கிலும் மட்டும் அவற்றின்மேல் சுண்ணக்கல் படிந்துள்ளது. மயோசீன் எனப்படும் காலத்தில், அதாவது இற்றைக்கு 230 இலட்சம் ஆண்டுகளுக்கும் 53 இலட்சம் ஆண்டுகளுக்கும் இடையில், ஆழங் குறைந்த கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகளும் சுண்ணச் சேறும் படிந்து இறுகியதால் உண்டான பாறை இது. கிணறு வெட்டும் வேளைகளிற் கல்லுக்குள்ளே சிப்பி வடிவங்கள் தென்படுவது இதனாலேயே.

பளிங்குருப் பாறை அழியும்போது அதிலுள்ள கனிப்பொருள்களிற் சில மணலாகவும் சில களியாகவும் மாறிப் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடும். சுண்ணக்கல்லின் நிலை வேறு. அது அமில நீரிற் கரைந்து நீரோடு போய்விடும். கரையாமல் எஞ்சுவது அதற்குள்ளே கலந்திருந்த சிறிதளவு களியும் இரும்பும் மணலுமே. நூறு பங்கு சுண்ணக்கல்லில் ஐந்து பங்கே கரையாப் பொருள் என்று வைத்துக்கொண்டால், ஓரடி மண் எஞ்சுவதற்கு ஏறத்தாழ இருபதடிப் பாறை கரைந்தொழிதல் வேண்டும். இவ்வாறு எஞ்சியவற்றோடு பண்டைக் காற்றும் கடலும் கொணர்ந்த நுண்பொருள்களும் கலந்தே செம்பாட்டு மண் உருவாயிற்று என்பர். ஒரு கமக்காரன் ஒரு நாளிற் கொத்திப் புரட்டும் அரையடி மண், மனித வரலாறு முழுவதையும்விட நீண்ட காலத்தில் விளைந்த பொருளாகும்.

மண்ணுக்கு இந்தச் செந்நிறம் எங்கிருந்து வந்தது? இரும்பும் ஒட்சிசனும் கூடி உண்டாகும் துருவே இதற்குக் காரணம். நீர் தேங்காது வடிந்து, காற்றுத் தாராளமாக உலாவும் இடத்தில் இரும்பு செந்நிறத் துருவாக மண் துணிக்கைகளைப் போர்த்துவிடும். ஈரம் சற்று மிகுந்தால் அதே இரும்பு மஞ்சள் நிறம் கொள்ளும். நீர் தேங்கிக் காற்று அற்றுப்போனால் துரு கரைந்து மண் சாம்பல் நிறமாகும். எனவே மண்ணின் நிறம் அதன் வடிகாலைக் காட்டும் அடையாளமாகும். செம்பாட்டு மண்ணின் சிவப்பு, மழைநீர் அதிற் தங்காது கீழே விரைந்து இறங்கிவிடுகின்றது என்னும் செய்தியைச் சொல்கின்றது. இச்செய்தி பின்னர் மிகவும் வேண்டப்படுவதாகும்.

ஒரே பாறையிலிருந்து எல்லா இடங்களிலும் ஒரே மண் தோன்றுவதில்லை. இவ்வுண்மையை ஒழுங்குபட விளக்கியவர் வசீலி தொக்குச்சேவ் என்னும் இரசிய அறிஞர். இரசியாவின் கருமண்ணைப்பற்றி 1883ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலே மண்ணியலைத் தனி விஞ்ஞானமாக நிலைநிறுத்தியது எனலாம். தாய்ப்பாறை, காலநிலை, உயிரினங்கள், நிலத்தின் ஏற்றத்தாழ்வு, காலம் என்னும் ஐந்தும் கூடியே மண்ணை ஆக்குகின்றன என்பது அவர் வகுத்த கொள்கை. 1941இல் ஹான்ஸ் ஜெனி என்பவர் இதனை மேலும் விரித்து எழுதினார். இலங்கை மண்களை இம்முறையில் ஆராய்ந்து மூர்மன், பானபொக்க என்னும் இருவர் 1961இல் வெளியிட்ட வகைப்பாடு இத்துறையில் ஓர் அடிக்கல்லாயிற்று. செம்பாட்டு மண் அதில் சுண்ணஞ்சார்ந்த செம்மஞ்சள் லற்றசோல் என்னும் தொகுதியில் அடங்கும்.

இந்த ஐந்து காரணிகளின் தொழிலையும் இலங்கைக்குள்ளேயே காணலாம். காலநிலையை எடுத்துக்கொள்வோர், ஆண்டுக்கு 2,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் ஈரவலயத்தையும் 1,750 மில்லிமீற்றருக்குக் குறைவாகப் பெறும் உலர்வலயத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஈரவலயத்தில் ஓயாத மழை கல்சியம், மகனீசியம், பொற்றாசியம் முதலியவற்றைக் கழுவிக்கொண்டு போவதால் மண் புளிப்படைகின்றது. அந்தப் புளிப்பு மண்ணையே தேயிலை விரும்புகின்றது. உலர்வலயத்திற் கழுவுதல் குறைவு. ஆகவே அங்குள்ள செங்கபில மண் பெரும்பாலும் நடுநிலை சார்ந்தது. அது காய்ந்தால் கல்லாகும், நனைந்தால் கையில் ஒட்டும். உழுவதற்கேற்ற பதம் சில நாள்களே நிற்கும். மேற்குக் கரையோரத்தில் கபுக்கல் எனப்படும் செம்பூரான் கல், வெப்பமும் மழையும் சேர்ந்து நெடுங்காலம் மண்ணை உருக்குலைத்ததன் விளைவு.

நிலத்தின் ஏற்றத்தாழ்வுக்கு வன்னிக் குளங்களின் கீழுள்ள நிலங்கள் எடுத்துக்காட்டாகும். மேட்டிலே வடிகால் நன்கமைந்த செங்கபில மண். சரிவின் நடுவே நிறம் மங்கிய மண். பள்ளத்திலே நீர் தேங்கி நிற்கும் சாம்பல் நிறக் களி. தாய்ப்பாறை ஒன்றே, சில நூறு யார் தூரத்துக்குள் மண் மூன்றாகிவிடுகின்றது. மேட்டில் சேனைப் பயிரும் பள்ளத்தில் நெல்லும் விளைவித்த முன்னோர் இவ்வேறுபாட்டை அனுபவத்தால் அறிந்திருந்தனர். மன்னாரில் முருங்கன் பகுதியிலே, கட்டுக்கரைக் குளத்தின் நீர் பாயும் வயல்களில், கோடையில் விரல் நுழையுமளவுக்குப் பாளம்பாளமாக வெடிக்கும் கருங்களியைக் காணலாம். அது ஈரத்தில் விரிந்து உலர்விற் சுருங்கும் தனி வகைக் களியால் ஆனது. இவ்வாறாக ஒவ்வொரு மண்ணும் தான் பிறந்த இடத்தின் வரலாற்றைத் தன்னுள் எழுதி வைத்திருக்கின்றது.

இனி, மண்ணின் உறுப்புக்களைப் பார்ப்போம். ஓர் எளிய சோதனையை எவரும் வீட்டிற் செய்யலாம். ஒரு கண்ணாடிப் போத்தலில் மூன்றிலொரு பங்கு மண்ணை இட்டு, நீரால் நிரப்பி, நன்றாகக் குலுக்கி வைத்தால், ஓரிரு நிமிடங்களில் மணல் அடியிற் படியும். அதன்மேல் சில மணி நேரத்தில் அடையல் எனப்படும் நுண்மண் படியும். மேலே கலங்கி நிற்கும் நீர் தெளிய ஒரு நாளோ அதற்கு மேலோ செல்லும்; அக்கலங்கலை உண்டாக்குவது களி. மணற்றுணிக்கையின் குறுக்களவு 2 மில்லிமீற்றர் வரை இருக்கும். களித் துணிக்கையோ 0.002 மில்லிமீற்றருக்கும் குறைந்தது. மணல் மிகுந்தால் நீர் நில்லாது. களி மிகுந்தால் நீர் இறங்காது. இரண்டும் அளவாகக் கலந்த இருவாட்டி மண்ணைக் கமக்காரர் விரும்புவதன் காரணம் இதுவே.

சிறுமைதான் களியின் பெருமை. ஒரு சதமமீற்றர் பக்கமுள்ள கனசதுரக் கல்லொன்றின் மேற்பரப்பு 6 சதுர சதமமீற்றர். அதனை ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கு பக்கமுள்ள கனசதுரங்களாக வெட்டினால், மொத்த மேற்பரப்பு 6 சதுர மீற்றராகப் பெருகும். ஒரு சிறிய அறையின் தரையளவு அது. அவ்வளவு பெரிய மேற்பரப்பிலும் நீர் படலமாக ஒட்டிக்கொள்ளும், பயிருணவும் ஒட்டிக்கொள்ளும்.

பயிருணவு ஒட்டிக்கொள்ளும் விதம் வியப்புக்குரியது. 1850ஆம் ஆண்டில் தோமஸ் வே என்னும் ஆங்கிலேய இரசாயனவியலார், தொம்சன் என்பவர் முன்னர் கண்ட உண்மையைத் தொடர்ந்து, இதனை ஆராய்ந்தார். அமோனியாச் சேர்வையைக் கரைத்த நீரை மண் நிரப்பிய குழாயின் மேலே ஊற்றினால், கீழே வடியும் நீரில் அமோனியா காணப்படவில்லை. அதற்குப் பதிலாகக் கல்சியம் காணப்பட்டது. மண் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றொன்றை விட்டுவிட்டது. களியும் உக்கலும் மறை மின்னேற்றம் உடையவை. ஆதலின் நேர் மின்னேற்றமுள்ள கல்சியம், மகனீசியம், பொற்றாசியம், அமோனியம் ஆகியவற்றைத் தம்மோடு பற்றி வைத்திருந்து, வேர் கேட்கும்போது மாற்றிக் கொடுக்கின்றன என்பது பின்னர் தெளிவாயிற்று. சந்தையிற் பண்டமாற்றுச் செய்யும் வணிகரைப்போல மண்ணும் கொடுத்து வாங்குகின்றது.

ஆனால் இந்த வணிகரிடம் தங்காத பண்டம் ஒன்று உண்டு, அதுவே நைத்திரேற்று. பயிர்கள் நைதரசனைப் பெரும்பாலும் நைத்திரேற்று வடிவிலேயே உறிஞ்சுகின்றன. எருவாக இட்டாலும் யூரியாவாக இட்டாலும், மண்ணிலுள்ள பற்றீரியாக்கள் நைதரசனை இறுதியில் நைத்திரேற்றாக மாற்றிவிடுகின்றன. நைத்திரேற்றும் மறை மின்னேற்றம் உடையது. களியும் மறை மின்னேற்றம் உடையது. ஆகவே மண் அதனைப் பற்றுவதில்லை. வேர் எடுத்துக்கொள்ளாத நைத்திரேற்று, அடுத்த மழையோடு அல்லது அடுத்த இறைப்போடு கீழே போய்விடும்.

செம்பாட்டு மண்ணுக்கு இவ்விடத்தில் இரண்டு குறைகள் உண்டு. அதன் களி மிகப் பழையது. நெடுங்காலம் மழையால் அலசப்பட்டுத் தன் மின்னேற்றத்திற் பெரும்பகுதியை இழந்தது. மேலும் இரும்புத் துரு அக்களித் துணிக்கைகளைச் சிறு சிறு மணிகளாக ஒட்டி வைத்திருப்பதால், களி இருந்தும் மணலைப்போல நீர் விரைந்து இறங்குகின்றது. கிளறுவதற்கு இலேசான, வேர் ஓடுவதற்கு இதமான மண்ணாக இது இருப்பதற்கு அம்மணித்தன்மையே காரணம். இட்ட பசளை நிலைக்காமல் இறங்கிவிடுவதற்கும் அதுவே காரணம்.

இக்குறையை ஈடுசெய்யக்கூடிய பொருள் உக்கல் ஒன்றே. இலையும் வேரும் சாணமும் உக்கி, அவற்றிற் கரும்பழுப்பாக எஞ்சும் பொருளே உக்கல். அதன் எடைக்கு எடை பார்த்தால், பழைய களியைவிடப் பன்மடங்கு பயிருணவை அது பற்றிவைக்கும். நீரையும் தாங்கும், மண்மணிகளையும் பிணைக்கும். ஆயினும் வெப்பநாட்டில் உக்கல் நிலைத்து நிற்பதில்லை. வெப்பம் மிகமிக நுண்ணுயிர்களின் வேகமும் மிகும். குளிர்நாட்டில் ஆண்டுகள் பல கிடக்கும் இலைச்சருகு, இங்கே ஒரு மாரிக்குள் மறைந்துவிடும். உலர்வலயத்துத் தோட்ட மண்ணில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கே அங்ககப் பொருள் காணப்படுவது இதனாலேயே. எனவே உக்கலை ஒருமுறை தேடி வைத்துவிட்டு ஓய முடியாது; ஆண்டுதோறும் இட்டுக்கொண்டே இருத்தல் வேண்டும்.

யாழ்ப்பாணத்துக் கமக்காரர் இவ்வுண்மையை எழுத்தில் வையாது தொழிலில் வைத்திருந்தனர். வேலியிற் பூவரசும் கிளிசரிடியாவும் வளர்த்து, அவற்றின் குழையை வெட்டித் தோட்டத்தில் தாழ்த்தினர். பழைய பனையோலையைக் கிழித்து மண்ணிற் புதைத்தனர். ஓலை மெல்ல உக்குவதால் அதன் பயன் நின்று கிடைத்தது. அறுவடை முடிந்த தறையில் ஆட்டையும் மாட்டையும் பட்டியடைத்தனர். சணலை விதைத்துப் பூக்கும் பருவத்தில் உழுது புரட்டினர். சணலும் பயறும் உழுந்தும் அவரையினத்தைச் சேர்ந்தவை. அவற்றின் வேர்ச் சிறுகணுக்களிற் குடியிருக்கும் பற்றீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துப் பயிருக்கு ஊட்டுகின்றன. இதனை ஹெல்ரீகல் என்னும் செர்மானிய அறிஞர் 1886இல் அறிவித்தார். அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே பயறு விளைந்த நிலத்தில் அடுத்த பயிர் செழிப்பதைக் கமக்காரர் கண்டிருந்தனர்.

மண்ணில் வாழும் உயிர்களின் தொகை எண்ணுக்கடங்காது. ஒரு கிராம் மண்ணிற் கோடிக்கணக்கான பற்றீரியாக்கள் உண்டு. பங்கசுக்கள் மெல்லிய நூல்களாக வேரைச் சுற்றிப் படர்ந்து, வேர் எட்டாத இடத்திலிருந்தும் பொசுபரசைக் கொணர்கின்றன. மண்புழுவின் பணியைச் சார்ள்ஸ் டார்வின் தம் இறுதிக் காலத்தில் ஆராய்ந்து 1881இல் ஒரு நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஓர் ஏக்கர் நிலத்தில் ஆண்டொன்றுக்குப் பத்துத் தொன்னுக்கு மேற்பட்ட மண் புழுக்களின் உடலூடாகச் சென்று வெளிவருகின்றது என்று அவர் கணித்தார். கலப்பை தோன்றுவதற்கு முன்பே நிலத்தை உழுது வந்தவை புழுக்களே என்பது அவர் முடிவு.

இனிக் கிணற்று நீருக்கு வருவோம். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும். ஆண்டு மழை ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர். அதிற் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையில் பெய்துவிடும். அந்த மழை செம்பாட்டு மண்ணினூடாக இறங்கிச் சுண்ணக்கல்லின் வெடிப்புக்களிலும் குகைகளிலும் தங்கி, மறு மாரி வரை மக்களுக்கும் பயிருக்கும் உதவுகின்றது. கீரிமலையில் கடலின் விளிம்பிலேயே நன்னீர் ஊறுவதும், புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரையில் ஆழ்ந்த நீர்நிலை அமைந்திருப்பதும் இச்சுண்ணக்கல் கரைந்து உண்டான வழிகளாலேயே.

நிலாவரையின் மேற்பகுதி நீர் நன்னீர். ஆழத்தில் அது உவர்நீர். இது குடாநாடு முழுவதற்கும் பொருந்தும் ஓர் உண்மையின் அடையாளம். கடல்நீர் நிலத்தின் அடியிலும் புகுந்திருக்கின்றது. அதனினும் பாரம் குறைந்த மழைநீர் அதன்மேல் மிதக்கின்றது. நிலத்தடி நன்னீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு ஓரடி மேலே நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பதடி வரை நன்னீர் நிற்கும் என்று கைபன், ஹெர்ஸ்பேர்க் என்னும் இருவர் வெவ்வேறாகக் கண்டனர். இதன் மறுபக்கம் அச்சந் தருவது: அளவுக்கு மீறி இறைத்து அந்த ஓரடியைக் குறைத்துவிட்டால், கீழேயிருந்து உவர்நீர் நாற்பதடி மேலேறக் காத்திருக்கின்றது. துலாவால் இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே இறைப்புக்கு எல்லையாக இருந்தது. நீரிறைக்கும் இயந்திரத்துக்குக் களைப்பில்லை.

உவரோடு மற்றொரு கேடும் சேர்ந்துள்ளது. மண்ணில் நிலைக்காத நைத்திரேற்று எங்கே போகின்றது? ஆழமான மண்ணும் இறுகிய பாறையும் உள்ள இடமாயின் அது நெடுந்தூரம் வடிந்து, வழியில் மாற்றமடைந்து, செறிவு குறையும். செம்பாட்டு மண் சில அடியே ஆழமானது. அதன் கீழுள்ளது துளையும் வெடிப்பும் நிறைந்த கல். ஆகவே தோட்டத்தில் மிகையாக இட்ட பசளையும், வீட்டு மலக்குழிகளின் கசிவும் விரைவில் கிணற்று நீரை அடைகின்றன. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார தாபனத்தின் வரையறை. குடாநாட்டின் செறிந்த பயிர்ச்செய்கைப் பகுதிகளிற் பல கிணறுகள் இவ்வளவைக் கடந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. பாற்போத்தலில் இந்நீரைக் கலந்து பருகும் பச்சிளங் குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும். நீர் தெளிவாகவே இருக்கும், சுவையும் மாறாது. கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று நீங்காது.

அப்படியாயின் இரசாயனப் பசளையை முற்றாக விட்டுவிடலாமா? இலங்கை இதற்கு அண்மையில் ஒரு விடையைப் பெற்றது. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளையின் இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பசளையின்றித் தொடங்கிய பெரும்போகத்தில் நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. இதனை மண்ணியலின் கண்கொண்டு நோக்கினால் வியப்பில்லை. எருவிலுள்ள நைதரசன் நுண்ணுயிர்களின் கைவழியாக மெல்ல மெல்லவே வெளிப்படும். பல பத்தாண்டுகளாக உக்கல் குறைந்துவந்த நிலத்தில் அதனை ஒரு போகத்தில் நிரப்பிவிட முடியாது. மண் மாறுவதற்குக் காலம் வேண்டும். அக்காலத்தைக் கட்டளையாற் குறைக்க இயலாது. எனினும் உக்கல் குறைந்த மண்ணிற் பசளையை மட்டும் மேன்மேலும் இடுவது, ஓட்டைப் பானையில் நீரை மேன்மேலும் ஊற்றுவதை ஒக்கும். பானையின் ஓட்டையைச் சிறிதாக்குவது உக்கலின் பணி.

மண்ணை இழக்கும் வழி இஃதொன்று மட்டுமன்று. மலைநாட்டில் 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் காடுகள் வெட்டப்பட்டபோது, சரிவுகளின் மேன்மண் மழையோடு இறங்கி ஆறுகளிற் சேர்ந்தது. இந்த இழப்பைத் தடுப்பதற்காகவே 1951இல் மண் காப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. சமநிலமான குடாநாட்டில் மண் அவ்வாறு ஓடிப்போவது குறைவு. இங்கே மண் நிற்க, அதன் வளம் நீரோடு கீழிறங்குகின்றது. மலைநாட்டின் இழப்பைக் கலங்கிய ஆறு காட்டிக்கொடுக்கும். குடாநாட்டின் இழப்பு தெளிந்த கிணற்று நீருக்குள் மறைந்திருக்கும்.

செய்ய வேண்டியவை அரியன அல்ல. பசளை இடுமுன் மண்ணைப் பரிசோதித்து அதிற் குறைந்ததை மட்டும் இடுதல் வேண்டும். நைதரசனை ஒரே முறையிற் கொட்டாது, பயிர் வளரும் பருவம் நோக்கிப் பலமுறை சிறிது சிறிதாகப் பிரித்து இடுதல் வேண்டும். பெருமழைக்கு முன்னே இடுதலாகாது. பாத்தி நிறைய நீரைக் கட்டுவதை விட்டு, வேர் நிற்கும் ஆழத்துக்கே பாய்ச்சுதல் வேண்டும். மிகுதி நீர் நைத்திரேற்றையும் தன்னோடு கொண்டே இறங்கும். வெங்காயத்தின்பின் பயறோ சணலோ விதைத்து, எஞ்சிய நைதரசனைப் பயிராக மாற்றி மண்ணுக்கே திருப்புதல் வேண்டும். மலக்குழியும் குடிநீர்க் கிணறும் ஒன்றுக்கொன்று அண்மையில் அமையாதவாறு பார்த்தல் வேண்டும். குழை தாழ்த்தும் வழக்கத்தை, அதற்குக் கூலி அதிகமென்று கைவிட்ட இடங்களிலும் மீண்டும் தொடங்குதல் வேண்டும். குழைக்கான மரம் வேலியிலேயே வளரும்.

நிலம் வாங்குவோர் மண்ணின் ஆழத்தையும் நீரின் சுவையையும் தனித்தனியே விசாரிப்பது வழக்கம். செம்பாட்டு நிலத்தில் இவ்விரண்டும் தனித்தனியானவை அல்ல. பயிருக்குப் பாயாகக் கீழே விரிந்த மண்ணே கிணற்றுக்குக் கூரையாக மேலே நிற்கின்றது. தோட்டத்தில் ஒரு பிடி உக்கல் கூடும்போது, அயல்வீட்டுக் கிணற்றில் ஒரு குவளை நீர் தூயதாகின்றது.